பெயர்ப் பட்டியலும் ஆணைக்குழுவும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் மனித உரிமைக் கண்காணிப்பின் வரலாறு

தோற்றுவாய்

அரண்மனை வாயிலில் ஆராய்ச்சிமணி கட்டி, முறைவேண்டி வந்தோரின் குறைகேட்டு நீதி வழங்கிய சோழ மன்னனின் கதையைத் தமிழர் யாவரும் அறிவர். இதே கதை ஈழத்தை ஆண்ட எல்லாளன்மீது ஏற்றி மகாவம்சத்திலும் கூறப்படுகின்றது. மன்னனின் கட்டிலின் தலைமாட்டிலே மணியொன்று தொங்கியதென்றும், முறைவேண்டுவோர் இழுத்து ஒலிக்குமாறு அதற்கு நீண்ட கயிறு பிணைக்கப்பட்டிருந்ததென்றும் அந்நூல் சொல்லும். தமிழ் மரபும் பாளி வரலாற்று நூலும் ஒருங்கே போற்றும் இக்கதையில் ஆழ்ந்த அரசியற் கருத்தொன்று உண்டு. ஆட்சியாலோ ஆட்சியைச் சார்ந்தோராலோ இழைக்கப்படும் அநீதியை ஆட்சியின் செவிக்கு எட்டவைக்கும் வழி ஆட்சியமைப்புக்குள்ளேயே இருத்தல் வேண்டும் என்பதே அது.

தற்கால அரசுகளில் இக்கருத்து நிறுவன வடிவம் பெற்றிருப்பதே தேசிய மனித உரிமைகள் ஆணைக்குழு ஆகும். இலங்கையில் இத்தகைய ஆணைக்குழு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாயிற்று. சட்டங்களின் வரலாற்றைத் தலைநகரிலிருந்து எழுதுவது வழக்கம். பாராளுமன்ற விவாதங்களும் சர்வதேச உடன்படிக்கைகளும் அவ்வரலாற்றில் முதலிடம் பெறும். ஆயின், இச்சட்டத்தின் முக்கியமான சில பிரிவுகள் எத்தகைய அனுபவத்தினின்று தோன்றின என்பதை அறிய விரும்புவோர் கொழும்பைவிட்டு மட்டக்களப்பு வாவியின் கரைகளை நோக்குதல் வேண்டும். காணாமற்போனோரின் பெயர்களை ஊரவரும் குருமாரும் ஆசிரியரும் விரிவுரையாளரும் தாமே எழுதிவைத்த பட்டியல்கள் காலத்தால் இவ்வாணைக்குழுவிற்கு முற்பட்டவை. அப்பட்டியல்களுக்கும் ஆணைக்குழுவிற்கும் உள்ள தொடர்பையும், அவற்றின் தேவையை ஆணைக்குழு எந்த அளவிற்கு நிறைவேற்றியது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாதுகாப்பு ஏட்டில் இருந்த காலம்

மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையால் 1948 திசெம்பர் 10ஆந் திகதி ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டில் இலங்கையில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அப்போது நடைமுறையிலிருந்த சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, எந்தவொரு சமூகத்தையும் பாதிக்கும் பாரபட்சமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது எனத் தடுத்திருந்தது. எனினும், கோடாக்கன்பிள்ளை வழக்கில் 1953ஆம் ஆண்டு தீர்ப்பளித்த கோமறைக் கழகம் குடியுரிமைச் சட்டம் அப்பிரிவை மீறவில்லை எனக் கூறிற்று.

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமும் இதே பிரிவின்கீழ் நீதிமன்றத்திற்குச் சென்றது. கோடீஸ்வரன் என்னும் அரசாங்க எழுதுவினைஞர் தொடுத்த வழக்கில், அச்சட்டம் செல்லுபடியற்றது என மாவட்ட நீதிமன்றம் 1964இல் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டின் பின் 1969இல் கோமறைக் கழகம் மொழி பற்றிய வினாவிற்கு விடை கூறாது, அதனை இலங்கை நீதிமன்றத்தின் ஆய்வுக்கே விட்டது. அவ்வாய்வு நடைபெறுமுன் 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு வந்தது. 29ஆம் பிரிவு அதனுடன் மறைந்தது. இதற்கிடையில், மட்டக்களப்புக் கச்சேரி வாயிலில் 1961ஆம் ஆண்டு சத்தியாக்கிரகம் செய்த மக்கள், தம் மொழியில் அரசாங்கத்துடன் தொடர்புகொள்ளும் உரிமையை வீதியிலேயே கேட்க வேண்டியவராயினர்.

1978ஆம் ஆண்டின் யாப்பு ஒரு வகையில் முன்னேற்றமாகும். சித்திரவதைக்குட்படாதிருக்கும் உரிமை, சமத்துவ உரிமை, ஏதேச்சையாகக் கைதுசெய்யப்படாதிருக்கும் உரிமை என்பன முறையே 11ஆம், 12ஆம், 13ஆம் உறுப்புரைகளில் இடம்பெற்றன. அவை மீறப்படின் 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தை நேரே நாடும் வழியும் திறக்கப்பட்டது. ஆனால் மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்திற்குள் மனுச் செய்தல் வேண்டும். அதனையும் கொழும்பிலேயே செய்தல் வேண்டும். முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால், மகன் எந்த முகாமில் இருக்கிறான் என்றே அறியாத ஒரு கமக்காரனின் குடும்பத்திற்கு இந்த ஒரு மாதம் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டில், அதாவது 1979இல், பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. நீதிமன்றத்தின் முன் கொண்டுவராமலே ஒருவரைப் பதினெட்டு மாதங்கள்வரை தடுத்துவைக்க அச்சட்டம் இடமளித்தது. உரிமையை வழங்கிய யாப்பும் அதனைச் சுருக்கிய சட்டமும் அருகருகே நின்ற நிலைமை இதுவாகும்.

வாவியின் இரு கரைகளும் பிரசைகள் குழுவும்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவி இப்பிரதேசத்தை இரண்டாகப் பிரிக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கீழ்ப்புறம் எழுவான்கரை எனவும், வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் நிறைந்த மேற்புறம் படுவான்கரை எனவும் வழங்கும். எழுவான்கரையிலே தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றையடுத்து ஒன்றாய் அமைந்துள்ளன. படுவான்கரை மக்கள் நகரத்துக் கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நீதிமன்றத்திற்கும் வருவதற்கு நெடுங்காலம் தோணிகளையும் துறைகளையுமே நம்பியிருந்தனர். மண்முனைத் துறையிற் பாலம் அமைந்தது 2014ஆம் ஆண்டிலேயே ஆகும். ஆதலின், போர்க்காலத்தில் துறை மூடப்பட்டால் அக்கரையில் நிகழ்வது இக்கரைக்குத் தெரியவராது. உரிமைக் கண்காணிப்பு என்னும் பணிக்கு இப்புவியியல் நிலைமையே முதற் சவாலாக இருந்தது எனலாம்.

1980களில் வடகிழக்கின் பல நகரங்களிற் போல மட்டக்களப்பிலும் பிரசைகள் குழு தோன்றியது. ஆசிரியர், குருமார், சட்டத்தரணிகள், வணிகர் முதலியோர் இதிற் பங்குகொண்டனர். கைதானோரின் பெயர்களைத் திரட்டுதல், படைமுகாம்களுக்குச் சென்று விசாரித்தல், பெற்றோருக்குச் செய்தி கூறுதல் என்பன அதன் அன்றாடப் பணிகள். 1987 சனவரியில் கொக்கட்டிச்சோலைக்கு அண்மையிலுள்ள மகிழடித்தீவு இறால் பண்ணையில் ஊழியரும் ஊரவரும் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டபோது, அச்செய்தி வெளியுலகை எட்டியதில் இத்தகைய குழுக்களுக்குப் பெரும் பங்கிருந்தது. சட்டத்தின் அதிகாரமோ அரசின் பாதுகாப்போ இல்லாது செய்யப்பட்ட பணி இது. குழுவின் தலைமைப் பொறுப்பிலிருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 யூன் 6ஆந் திகதி மட்டக்களப்பு மரியாள் பேராலயத்திலேயே ஆயுதபாணிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டார். பெயர்களை எழுதுவோரின் பெயரே பட்டியலிற் சேரும் அபாயம் அன்று முதல் யாவருக்கும் புலனாயிற்று.

இக்காலத்தில் அரசும் சில நிறுவனங்களைத் தோற்றுவித்தது. 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் என்னும் பதவி உருவாயிற்று. சுவீடனில் 1809இல் தோன்றிய ஒம்புட்ஸ்மன் முறையை அடியொற்றியது இது. பாரபட்சத்தை ஒழிப்பதற்கும் மனித உரிமைகளைக் கண்காணிப்பதற்குமென 1986இல் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தொழில், கல்வி முதலிய துறைகளிலே தனியாட்களுக்கு இழைக்கப்படும் பாரபட்சத்தை இணக்கமுறையிற் தீர்த்துவைப்பதே அதன் இயல்பு. போர்நிலத்திற் கைதாகி மறைவோரைத் தேடுவதற்கு வேண்டிய அதிகாரமோ ஆளணியோ அதற்கு இருக்கவில்லை.

1990: ஓராண்டின் கோரம்

1990 யூனில் விடுதலைப் புலிகளுக்கும் அரசுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. கிழக்கிலே பொலிஸ் நிலையங்களிற் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிசாரை விடுதலைப் புலிகள் கொன்றமை அப்போரின் தொடக்கமாயிற்று. ஓகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் ஈடுபட்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூரிலும் முஸ்லிம் ஊர்மனைகள் தாக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். இவ்விரண்டும் விடுதலைப் புலிகளின் செயல்களெனவே பாதிக்கப்பட்ட மக்களும் பின்னர் ஆராய்ந்தோரும் கூறுவர். பழிவாங்கலாக அயலிலிருந்த தமிழூர்களும் தாக்கப்பட்டன. பல தலைமுறையாக ஒரே சந்தையிற் கூடி வாழ்ந்த மக்கள் ஒருவரையொருவர் அஞ்சி வாழும் நிலை உருவாயிற்று.

ஓகஸ்ட் 15ஆந் திகதி, புனித மிக்கேல் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய அமெரிக்க நாட்டு இயேசுசபைக் குருவாகிய யூஜின் ஹேபர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி வரும் வழியிற் காணாமற்போனார். மக்களைக் காப்பதற்கென அமைந்த மட்டக்களப்பு அமைதிக் குழுவின் உறுப்பினர் அவர். அவருடன் வந்த தமிழ் இளைஞனும் திரும்பவில்லை.

போருக்கஞ்சிய பல்லாயிரம் மக்கள் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தனர். 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்நிறுவனம், நான்காண்டு நிறையுமுன்னரே அகதி முகாமாயிற்று. விரிவுரையாளர் சிலரே முகாமின் பொறுப்பை ஏற்றிருந்தனர். 1990 செப்ரெம்பர் 5ஆந் திகதி அங்கு வந்த படையினர், மக்களை வயதுவாரியாக வரிசைகளில் நிறுத்தி, முகமூடியணிந்தோர் முன்னால் நடக்கச் செய்தனர். 158 பேர் வேறாக்கப்பட்டுப் பேரூந்துகளில் ஏற்றிச்செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. அம்மாதத்திலேயே அதே முகாமிலிருந்து மேலும் சிலர் கொண்டுசெல்லப்பட்டனர்.

செப்ரெம்பர் 9ஆந் திகதி இரவு, மட்டக்களப்பு நகரின் வடக்கெல்லையிலுள்ள சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி ஆகிய ஊர்களின் மக்கள் படைமுகாமொன்றிற்கு நடத்திச்செல்லப்பட்டனர். பெண்கள், முதியோர், குழந்தைகள் உட்பட 184 பேர் அன்று கொல்லப்பட்டனரெனப் பட்டியல்கள் கூறுகின்றன. காயத்துடன் தப்பிய ஒருவரது வாக்குமூலமே அந்நிகழ்ச்சிக்கு நேர்ச்சாட்சியாயிற்று.

இவ்விடத்தில் வரலாற்று மாணவர் கவனிக்கத்தக்க செயலொன்று உண்டு. வந்தாறுமூலையில் முகாமை நடத்தியோர் கொண்டுசெல்லப்பட்டவர்களின் பெயர்களை உடனடியாக எழுதிப் பட்டியலாக்கினர். அமைதிக் குழு அவ்விபரங்களை மேலிடத்திற்கு அறிவித்தது. அவ்வாண்டு ஒக்ரோபரிற் பாதுகாப்பமைச்சின் தரப்பிலிருந்து கிடைத்த மறுமொழி, 32 பேரே கைதாயினர் எனவும், அவருள் 31 பேர் விடுவிக்கப்பட்டனர் எனவும் கூறிற்று. 158 என்பதும் 32 என்பதும் முரண்பட்ட இரு எண்கள். அரசின் பதிவேடு மட்டுமே இருந்திருப்பின் முரண்பாடு என ஒன்று தோன்றியே இராது. மக்களின் பட்டியல் இருந்தமையாலேயே எஞ்சியோர் எங்கே என்னும் வினா எழுந்தது. மனித உரிமைக் கண்காணிப்பு என்பதன் அடிப்படைத் தத்துவம் இதில் அடங்கியுள்ளது. கைது என்னும் செயல், அதனைச் செய்தவரின் கைக்கு அப்பாற்பட்ட ஓரிடத்திற் பதிவாதல் வேண்டும். பதிவாகாத கைது மறுக்கப்படக்கூடியது. மறுக்கப்படக்கூடிய கைதே காணாமற்போதலாக முடிகின்றது.

கொக்கட்டிச்சோலை விசாரணையும் செயலணியும்

1991 யூன் 12ஆந் திகதி மண்முனைத் துறையருகே கண்ணிவெடியொன்றில் இரு படையினர் மாண்டனர். அதனைத் தொடர்ந்து மகிழடித்தீவிலும் அயலூர்களிலும் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். தான்தோன்றீச்சரர் ஆலயத்தாற் புகழ்பெற்ற கொக்கட்டிச்சோலையின் பெயர் நான்காண்டுகளில் இரண்டாம் முறையாக உலகச் செய்திகளில் இவ்வாறு அடிபட்டது. இம்முறை சர்வதேச அழுத்தம் மிகுந்திருந்தமையால், அரசு விசாரணை ஆணைக்குழுவொன்றை நியமித்தது. இரு தரப்பின் துப்பாக்கிச் சூட்டிடையே அகப்பட்டே மக்கள் மாண்டனர் என்னும் கூற்றை அவ்வாணைக்குழு ஏற்கவில்லை. 67 பேரின் மரணத்திற்குப் படையினரின் வேண்டுமென்றே செய்த செயலே காரணமென அது முடிவு செய்தது. நட்டஈடு வழங்குமாறும் பரிந்துரைத்தது.

ஆயினும் வழக்கு பொது நீதிமன்றத்திற்குச் செல்லவில்லை. 1992இல் இராணுவ நீதிமன்றம், தம் கீழுள்ளோரைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காகவும் உடல்களைச் சட்டவிரோதமாக அப்புறப்படுத்தியமைக்காகவும் அதிகாரி ஒருவரைக் குற்றவாளியாகக் கண்டு பதவிநீக்கிற்று. கொலைக் குற்றத்தினின்று ஏனையோர் விடுவிக்கப்பட்டனர். அதே ஆண்டு ஓகஸ்டில் மயிலந்தனையில் தமிழ்மக்கள் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட வழக்கும் இத்தகையதே. அது ஈற்றிற் கொழும்பு மேல் நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டு, 2002இல் எதிரிகள் யாவரும் யூரர்களால் விடுவிக்கப்பட்டதுடன் முடிந்தது. உண்மையைக் கண்டறிதல் வேறு, நீதி வழங்குதல் வேறு என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டின. முன்னது நடைபெறினும் பின்னது நடைபெறும் என்பதற்கு உறுதியில்லை.

1991ஆம் ஆண்டிலேயே மனித உரிமைகள் செயலணி நிறுவப்பட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் ஜே. எவ். ஏ. சோசா அதன் தலைவரானார். பலவந்தமாகக் காணாமலாக்கப்படுதல் பற்றிய ஐக்கிய நாடுகள் செயற்குழு அவ்வாண்டு ஒக்ரோபரிலும் மறு ஆண்டிலும் இலங்கைக்கு வந்தமையை இதனுடன் இணைத்து நோக்குதல் வேண்டும். தடுப்புக்காவலில் உள்ளோரின் பதிவேடு ஒன்றைப் பேணுதலும், அவர்களது அடிப்படை உரிமைகளைக் கண்காணித்தலும் செயலணியின் தலையாய கடமைகள். மட்டக்களப்பிலும் அதற்குக் கிளை அமைந்தது. காவலில் இருக்கும் மகனைப் பற்றிக் கேட்கச் செல்வதற்குப் படைமுகாமின் வாயில் தவிர்ந்த வேறோர் இடம் அன்றுதான் முதன்முறையாக உண்டாயிற்று. வந்தாறுமூலை, சத்துருக்கொண்டான் நிகழ்ச்சிகள் பற்றிய பெயர் விபரங்களும் செயலணியின் அறிக்கைகளில் இடம்பெற்றன. ஊரவர் எழுதிய பட்டியல் இவ்வாறு அரச ஆவணமாக உயர்ந்தது.

செயலணியின் சட்ட அடிப்படை உறுதியானதன்று. ஒழுங்குவிதிகளின்கீழ்ப் பிறந்த அது 1995 நடுப்பகுதியிற் செயலிழந்து, அவசரகால ஒழுங்குவிதிகளின்கீழ் மீள அமைக்கப்பட்டது. கைதுசெய்வோர் தம்மை இன்னாரென அறிவித்தல் வேண்டும். உறவினருக்குக் கைதுப் பற்றுச்சீட்டு வழங்குதல் வேண்டும். 48 மணித்தியாலத்துள் செயலணிக்கு அறிவித்தல் வேண்டும் எனச் சனாதிபதி அவ்வாண்டு யூலையிற் பணிப்புரை விடுத்தார். இப்பணிப்புரை, 1990இல் மட்டக்களப்பில் இல்லாதிருந்தது எதுவோ அதனையே விதியாக்கியது எனலாம்.

1996ஆம் ஆண்டின் சட்டம்

1994இல் ஆட்சி மாறிய பின், வடகிழக்கிற் காணாமற்போனோர் பற்றி விசாரிப்பதற்கு நீதியரசர் கே. பாலகிட்ணர் தலைமையில் ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பட்டது. அது மட்டக்களப்பிலே அமர்வுகளை நடத்தியது. விரிவுரையாளரும் தாய்மாரும் தப்பியோரும் அதன்முன் சாட்சியம் அளித்தனர். அவர்களது சாட்சியங்கள் அறிக்கையாயின. எனினும், வந்தாறுமூலைக்காகவோ சத்துருக்கொண்டானுக்காகவோ எவரும் தண்டிக்கப்படவில்லை.

இதே வேளையில் உலகிலும் புதிய சிந்தனை உருப்பெற்றது. 1991இற் பாரிஸ் நகரில் வகுக்கப்பட்டு, 1993இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையால் ஏற்றுக்கொள்ளப்பட்ட பாரிஸ் கோட்பாடுகள், தேசிய மனித உரிமை நிறுவனங்கள் சட்டத்தின்மூலம் நிறுவப்படல், அரசினின்று சுதந்திரமாக இயங்கல், போதிய நிதியைப் பெறல், சமூகத்தின் பல பிரிவினரையும் கொண்டிருத்தல் என்பவற்றை வலியுறுத்தின. இந்தியா 1993இல் தன் ஆணைக்குழுவை அமைத்தது. ஆனால் இந்தியச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஆயுதப் படையினர் பற்றிய முறைப்பாடுகளில் மத்திய அரசிடம் அறிக்கை கோரிப் பரிந்துரைப்பதற்கு அப்பால் ஆணைக்குழுவைச் செல்ல விடவில்லை. இலங்கைச் சட்டத்தில் அத்தகைய தடை இடப்படவில்லை.

1996 ஓகஸ்டில் நிறைவேறிய இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம் ஐவரைக் கொண்ட ஆணைக்குழுவை ஏற்படுத்திற்று. 1997இல் முதலாவது ஆணைக்குழு பணி தொடங்கியது. செயலணியின் பணிகளும் அதனைச் சேர்ந்தன. வாவிக்கரை அனுபவத்துடன் ஒப்பிடுகையில் நான்கு ஏற்பாடுகள் சிறப்பாகக் கருதற்பாலன.

முதலாவது, 28ஆம் பிரிவு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழோ அவசரகால ஒழுங்குவிதிகளின்கீழோ ஒருவர் கைதுசெய்யப்படின், உடனடியாகவும் எவ்வாறாயினும் 48 மணித்தியாலத்துள்ளும் ஆணைக்குழுவிற்கு அறிவித்தல் வேண்டும். வேண்டுமென்றே அறிவியாது விடுதல் தண்டனைக்குரிய குற்றமாகும். இரண்டாவது, தடுப்புக்காவல் இடங்களுக்குச் சென்று பார்வையிடும் அதிகாரம். மூன்றாவது, 13ஆம் பிரிவு. ஒரு மாதத்துள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடைபெறும் காலம் உயர் நீதிமன்றத்துக்குரிய ஒரு மாத எல்லையிற் கணிக்கப்படமாட்டாது. கொழும்புக்குச் செல்ல இயலாத படுவான்கரைக் கமக்காரன், மட்டக்களப்பு நகரிலுள்ள கிளைக் காரியாலயத்தில் எழுதிக்கொடுக்கும் ஒரு கடிதத்தால் தன் உரிமையைக் காத்துக்கொள்ள முடியும். நான்காவது, 14ஆம் பிரிவு. நிருவாகச் செயல்களால் நேரும் மீறல்களை மட்டுமன்றி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும் செயலை எவர் செய்யினும் அதனால் நேரும் மீறலையும் விசாரிக்க அது இடமளித்தது. காத்தான்குடிப் பள்ளிவாசலில் மாண்டோரின் குடும்பத்தினர் 126ஆம் உறுப்புரையின்கீழ் அரசுக்கெதிராகவே வழக்கிட முடியும். கொன்றவர்மீது அவ்வழி செல்லாது. அக்குறையை ஓரளவு நிரப்பும் ஏற்பாடாக இதனைக் கொள்ளலாம்.

எனினும், சட்டத்தின் பெருங்குறை 15ஆம் பிரிவில் உள்ளது. ஆணைக்குழு பரிந்துரை செய்யலாம். பரிந்துரை புறக்கணிக்கப்படின் சனாதிபதிக்கு அறிக்கை அனுப்பலாம். சனாதிபதி அதனைப் பாராளுமன்றத்தில் வைத்தல் வேண்டும். அதற்குமேல் வலிந்து செய்விக்கும் ஆற்றல் அதற்கில்லை. மணியை அடிக்கலாம், மன்னன் எழுந்து வருவானா என்பது மன்னனைப் பொறுத்தது.

சுதந்திரத்தின் ஏற்ற இறக்கம்

2001ஆம் ஆண்டின் 17ஆவது திருத்தம் ஆணைக்குழு உறுப்பினரை அரசியலமைப்புப் பேரவையின் பரிந்துரையின்பேரிலேயே நியமித்தல் வேண்டும் என விதித்தது. 2005இல் பேரவை செயலிழந்தது. 2006இல் பேரவையின் பரிந்துரையின்றியே உறுப்பினர் நியமிக்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே முன்னைய ஆணைக்குழுவினால் அனுப்பிவைக்கப்பட்டிருந்த, காணாமற்போனோர் பற்றிய ஏறத்தாழ 2,000 முறைப்பாடுகள் மீதான விசாரணை, அரசின் விசேட பணிப்புரை கிடைத்தாலன்றித் தொடராது என நிறுத்திவைக்கப்பட்டது. அக்காலத்தில் மட்டக்களப்பின் நிலைமை யாது? 2006–2007 போரில் வாகரையினின்றும் படுவான்கரையினின்றும் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்திருந்தனர். சிறுவர்கள் ஆயுதக் குழுக்களிற் சேர்க்கப்பட்டனர். ஆட்கடத்தல்கள் மிகுந்திருந்தன. காவல் மிகவும் வேண்டப்பட்ட வேளையிலேயே காவலமைப்பு தளர்ந்து நின்றது. 2007இல் தேசிய மனித உரிமை நிறுவனங்களின் சர்வதேசக் குழு இலங்கை ஆணைக்குழுவை இரண்டாந் தரத்திற்குத் தாழ்த்தியது.

2010ஆம் ஆண்டின் 18ஆவது திருத்தம் பேரவையை நீக்கிப் பாராளுமன்றச் சபையொன்றின் கருத்தறிதலோடு நியமனத்தைச் சனாதிபதியிடம் ஒப்படைத்தது. 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம் பேரவையை மீட்டது. 2018இல் ஆணைக்குழு மீண்டும் முதற் தரத்தை எய்தியது. 2020இன் 20ஆவது திருத்தம் பேரவையை மறுபடி அகற்ற, 2022இன் 21ஆவது திருத்தம் அதனை மறுபடி அமைத்தது. ஒரே நிறுவனம், ஒரே சட்டம். ஆயினும் நியமிப்பவர் எவர் என்பதைப் பொறுத்து அதன் தன்மை மாறிற்று. ஒரு காவல் நிறுவனத்தின் வலிமை அதன் அதிகாரப் பட்டியலிலும் பார்க்க அதன் நியமன முறையிலேயே தங்கியுள்ளது என்பதற்கு இக்கால் நூற்றாண்டு வரலாறு தக்க சான்றாகும்.

பாரபட்சத்தின் அண்மைக்கால வடிவங்கள்

மனித உரிமை மீறல் எப்போதும் துப்பாக்கியுடன் வருவதில்லை, சுற்றுநிருபமாகவும் வரும். 2019 ஏப்ரில் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் பிறவிடங்களிலும் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களின் பின், முஸ்லிம் மக்கள்மீது பொதுவான ஐயம் படர்ந்தது. அடுத்த மாதத்தில் அரசாங்க அலுவலகங்களிற் பெண்கள் சேலையே உடுத்தல் வேண்டும் என்னும் வகையிற் சுற்றுநிருபமொன்று வெளியாயிற்று. இதன் பாரபட்சத் தன்மையை மனித உரிமைகள் ஆணைக்குழு சுட்டிக்காட்டியது. சுற்றுநிருபம் பின்னர் திருத்தப்பட்டது. படையையோ நீதிமன்றத்தையோ நாடாது, ஒரு கடிதத்தால் ஒரு பாரபட்சம் தணிந்தமைக்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

மறுதலையான எடுத்துக்காட்டும் உண்டு. 2020இல் கொவிட் நோயால் இறந்தோர் யாவரையும் எரித்தல் வேண்டும் என அரசு விதித்தது. அடக்கம் செய்தலும் ஏற்புடையதே என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. அவ்வாண்டு திசெம்பரில் இதற்கெதிரான மனுக்களை விசாரணைக்கு ஏற்க உயர் நீதிமன்றம் மறுத்தது. 2021 பெப்ரவரி இறுதியிலேயே அடக்கம் அனுமதிக்கப்பட்டது. நாடெங்கணுமிருந்து உடல்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடிக்குக் கொணரப்பட்டன. மறு ஆண்டு தொடக்கம்வரை 3,600க்கு மேற்பட்டோர் அங்கு அடக்கம் செய்யப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பிற சமயத்தவரும் சிலர். 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட உடல்களின் உறவினருக்கு அம்மன்னிப்பு காலங்கடந்தது. உரிமைக் காவலின் பயன் விரைவிலே தங்கியுள்ளது என்பதை ஓட்டமாவடி மண் உணர்த்துகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் மனித உரிமைக் கண்காணிப்பு சட்டத்தினின்று மக்களிடம் வந்ததன்று. மக்களினின்று சட்டத்திற்குச் சென்றது. பிரசைகள் குழுவின் குறிப்பேடு, வந்தாறுமூலை முகாமின் பட்டியல், செயலணியின் பதிவேடு, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு என்பன ஒரே கோட்டில் அமைந்த படிகளாகும்.

அப்படிகளில் ஏறிச்சென்ற ஆணைக்குழு, கைதானோர் மறைந்துபோவதை அரிதாக்குவதற்கு வழிவகுத்தது. முறையிட ஓர் இடத்தைத் தந்தது. ஆனால் 1990இல் எழுந்த வினாவிற்கு அதனால் விடை காண இயலவில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைந்து, மட்டக்களப்பிலும் அதன் கிளை தோன்றியுள்ளமை அவ்வினா இன்னும் முடிவுறவில்லை என்பதற்குச் சான்றாகும். அரசு கூறிய 32 என்னும் எண்ணுக்கும், பட்டியல் கூறிய 158 என்னும் எண்ணுக்கும் இடையிலுள்ள 126 பேர் எங்கே என்பதே அவ்வினா.

மேலும் ஒன்று கூறற்பாலது. வாவிக்கரையில் ஒவ்வொரு சமூகத்திற்கும் தன் பட்டியல் உண்டு. காத்தான்குடியின் பட்டியலைத் தமிழரும், சத்துருக்கொண்டானின் பட்டியலை முஸ்லிம்களும், கொல்லப்பட்ட பொலிசாரின் பட்டியலை இரு சாராரும் வாசித்தறிந்த பின்னரே மனித உரிமை என்னும் சொல் முழுப்பொருள் பெறும். தன்னவரின் பெயர்களை மட்டும் எண்ணுவது இனப்பற்று. எல்லோரின் பெயர்களையும் எண்ணுவது உரிமைக் காவல். அத்தகைய ஒருங்கிணைந்த பதிவை ஒரு சமூகம் தனித்துச் செய்தல் அரிது. தேசிய நிறுவனம் ஒன்றினாலேயே அது இயலும். அந்நிறுவனம் எவருக்கும் அஞ்சாததாய், எல்லா ஊருக்கும் எட்டுவதாய், பரிந்துரைத்ததை நிறைவேற்றுவிக்கும் ஆற்றல் உடையதாய் அமைதல் வேண்டும். பல்கலைக்கழக வளாகமொன்றே காணாமற்போனோரின் கடைசி முகவரியாக ஆகிய நாட்டில், இவ்வரலாற்றைக் கற்பதும் பதிவுசெய்வதும் பல்கலைக்கழகத்தாரின் கடமைகளுள் ஒன்றெனில் அது மிகையாகாது.